மாப்பிள்ளைத் தோழனின் கொள்முதல்

வியாபாரிகள் படிக்கும் இதழில் கோல்ஃப் விளையாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். விளையாட்டின் நுணுக்கத்தைச் சொல்ல நாம் வரவில்லை. அமெரிக்காவில் ஓர் இளைஞன் எட்டுப் பேருக்காக ஒரே கொள்முதல் செய்கிறான். எட்டுப் பேரும் ஒரே விலையைத் தாங்கக்கூடியவர்கள் அல்லர். சரக்கை முன்கூட்டிக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பணமோ முன்பணம். எதிர்ப்பக்கம் விற்பவர்கள், வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே கூட்டம் காணும் ஊர்களின் விடுதிக்காரர்களும் உணவகக்காரர்களும். இரண்டு பக்கமும் கணக்குத்தான். ஆகவே நம் பக்கங்களில் இதற்கு இடம் உண்டு.

அங்கே மணமகனுக்குத் திருமணத்துக்கு முன் நண்பர்கள் விருந்து வைக்கும் வழக்கம் பழையது. 'பேச்சலர் பார்ட்டி' என்பார்கள். முன்பெல்லாம் ஒரு மாலை, ஒரு சாப்பாடு, கொஞ்சம் குடி, கொஞ்சம் கேலி என்று அது முடிந்துவிடும். இப்போது அது பெரும்பாலும் வெளியூர்ப் பயணம். வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவார்கள். ஏற்பாடு முழுவதும் மாப்பிள்ளைத் தோழன் தலையில். மாப்பிள்ளையின் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வது பொதுவான மரியாதை. பகலில் ஆண்கள் கூட்டமாகப் பொழுதுபோக்க ஏதாவது வேண்டும் என்று வரும்போது, பலரும் பிடித்துக்கொள்வது கோல்ஃப். நான்கு மணி நேரத்துக்கு மேல் திறந்தவெளியில் பேசிக்கொண்டே நடக்கலாம், அல்லது வண்டியில் போகலாம். ஆடத் தெரியாதவனும் பந்தைத் தொலைத்துவிட்டுச் சிரிக்கலாம்.

எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

நான்கின் கணக்கு

கோல்ஃப் மைதானம் ஆட்களை நான்கு நான்காகத்தான் உள்ளே விடும். ஒவ்வொரு நான்கு பேருக்கும் தொடங்கும் நேரம் ஒன்று குறிக்கப்படும். அதற்கு 'டீ டைம்' என்று பெயர். தேநீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பந்தை வைத்து அடிக்கும் சிறு ஆணிக்கு 'டீ' என்று பெயர், அவ்வளவே. ஒரு குழு புறப்பட்ட எட்டு, பத்து நிமிடத்தில் அடுத்த குழு. விற்காமல் போன நேரத்தை மறுநாள் விற்க முடியாது. காலையில் வந்த கீரைக்கட்டு மாலையில் என்ன ஆகுமோ, காலியான டீ டைமின் கதியும் அதுவே. மைதானக்காரர் பிற்பகல் நேரத்தைக் குறைந்த விலைக்குத் தருவதும், காலையில் ஆடியவர்களே மறுபடி ஆடினால் சலுகை தருவதும் இதனால்தான்.

ஆக, நண்பர்கள் எட்டு அல்லது பன்னிரண்டு என்றால் கணக்கு சுலபம். வண்டிக்கு இரண்டு பேர், குழுவுக்கு இரண்டு வண்டி. ஒன்பதாவது ஆள் சேர்ந்தால் மூன்றாவது குழு உருவாகிறது. அதில் ஆள் குறைவாக இருந்தால், முன்பின் தெரியாதவர்களை மைதானக்காரர் அதில் சேர்த்துவிடலாம்.

எண்ணிக்கையை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எட்டுப் பேரில் ஒருவன் வக்கீல், ஒருவன் கணிப்பொறிக்காரன், ஒருவன் பள்ளி ஆசிரியன், ஒருவன் இன்னும் கல்விக்கடன் கட்டிக்கொண்டிருப்பவன். இந்தப் பயணம் மட்டும்தானா செலவு? திருமணத்துக்கு வாடகை உடுப்பு, விமானச் சீட்டு, அறை, பரிசு எல்லாம் தனி. பணக்கார நண்பன் உற்சாகத்தில் ஒரு பெரிய ஊரின் பெயரைச் சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கடன்காரன் மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து 'வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை' என்பான். விடுப்பு காரணமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரும் கேட்க மாட்டார்கள். பத்து வருட நட்பில் இப்படி ஒரு கீறல் விழுந்துவிடுகிறது. இதனால் நல்ல தோழன் ஊரின் பெயரை முதலில் எடுப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, 'வாசற்படி தாண்டித் திரும்பி வரும்வரை உன்னால் எவ்வளவு முடியும்?' என்று தொகையைக் கேட்கிறான். அதில் மிகக் குறைந்த தொகை எதுவோ அதுவே திட்டத்தின் தொகை. யார் சொன்னது என்பது அவனோடு இருக்கும். மாதச் சீட்டு நடத்திய அனுபவமுள்ள நம் அன்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

மர்டில் பீச் கடைக்காரர்கள் செய்தது

அந்தக் குறைந்த தொகையைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், பெரும்பாலும் போய் நிற்கும் ஊர் தென் கரோலினா மாநிலத்தின் மர்டில் பீச். அட்லாண்டிக் கரையில் சுமார் 60 மைல் நீளத்துக்குக் கடற்கரை. கோடையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பள்ளி திறந்ததும் ஊர் வெறிச்சோடிவிடும். விடுதிக்காரர், உணவகக்காரர், சில்லறைக் கடைக்காரர் எல்லோருக்கும் மூன்று மாத வரும்படியில் பன்னிரண்டு மாதம் தள்ள வேண்டிய நிலை.

ஊரில் முதல் கோல்ஃப் மைதானம் 1927-லேயே வந்துவிட்டது. பைன் லேக்ஸ் என்று இன்று அதற்குப் பெயர். 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு வார இதழைத் தொடங்குவது பற்றி அதன் முதலாளிகள் 1954-இல் பேசியது அங்கேதான். ஆனால் மைதானம் இருந்தால் மட்டும் வியாபாரம் வந்துவிடாது. 1967-இல் விடுதி உரிமையாளர் சிலரும் மைதான உரிமையாளர் சிலரும் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். 'மர்டில் பீச் கோல்ஃப் ஹாலிடே' என்பது அதன் பெயர். அறை வாடகை, மைதானக் கட்டணம், பல இடங்களில் காலைச் சிற்றுண்டி என எல்லாம் ஒரே விலையில். வாடிக்கையாளர் ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால் போதும். விளம்பரத்துக்குத் தனித்தனியே பணம் போடாமல் சேர்ந்து போட்டார்கள். பனியில் முடங்கிக் கிடந்த வடக்கு மாநிலத்தாரை நோக்கி அந்த விளம்பரம் போனது. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருந்த கடைக்காரர்கள், முதலில் ஊரை விற்போம், வந்தபின் ஆளை ஆள் பார்த்துக்கொள்வோம் என்று முடிவுசெய்தார்கள்.

பலன் என்ன? வசந்த காலமும் இலையுதிர் காலமும் கோல்ஃப் சீசன் ஆயின. காலி மாதங்கள் நிரம்பின. மைதானங்கள் பெருகி, 2000-ஆம் ஆண்டை ஒட்டி நூறைத் தாண்டின. பின்னர் நிலத்தின் விலை ஏறியபோது பல மைதானங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன; 2008-இன் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. இன்று எண்ணிக்கை நூறுக்குக் கீழேதான். ஆனாலும் எட்டுப் பேர் மூன்று நாள் தங்கி, ஒவ்வொரு நாளும் வேறு மைதானத்தில் ஆட இதைவிடச் சிக்கனமான ஊர் கிடைப்பது அரிது. ஒரு நாள் மலிவான மைதானம், ஒரு நாள் பேர்பெற்ற மைதானம் என்று கலந்து வாங்கலாம். நாம் பொன்னி அரிசியோடு பாஸ்மதியைச் சேர்த்துப் பட்டியல் போடுவது போல.

அரிசி என்றதும் ஒரு செய்தி. மர்டில் பீச்சுக்குத் தெற்கே பாலிஸ் ஐலண்ட் என்னும் இடத்தில் கலடோனியா என்று ஒரு மைதானம் உண்டு. மைக் ஸ்ட்ரான்ட்ஸ் வடிவமைத்தது, 1994-இல் திறந்தது. ஆடியவர்கள் மறக்காத மைதானம். அந்த நிலம் ஒரு காலத்தில் நெல் விளைந்த பண்ணை. அந்த ஜார்ஜ்டவுன் வட்டாரம் 1840 வாக்கில் அமெரிக்கா விளைவித்த மொத்த அரிசியில் ஏறக்குறையப் பாதியைத் தந்தது. நெல் பயிரிடும் அறிவோடு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் விளைந்த அரிசி அது, லாபம் பண்ணையாருக்கு. உள்நாட்டுப் போருக்குப்பின் அந்தத் தொழில் தேய்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அற்றுப்போனது. கடைசிக் குழியில் நின்று பார்த்தால் பழைய வயலின் நீர்ப்பரப்பு இன்றும் தெரியும். அரிசி மண்டி அன்பர் யாரேனும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஆடாவிட்டாலும் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த ஊரில் கவனிக்க வேண்டியது மாதம். மார்ச், ஏப்ரல், அக்டோபரில் மைதானக் கட்டணம் உச்சம். கோடையில் மைதானம் மலிவு, அறை விலை ஏறும். குளிர்காலத்தில் இரண்டும் மலிவு. ஆனால் காற்று கையை விறைக்க வைக்கும். ஆகஸ்டு, செப்டம்பர் புயல் மாதங்கள். பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டக்கூடாது. காலையில் ஊரெங்கும் பான்கேக் கடைகள், மாலையில் வடக்கே கலபாஷ் என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் பொரித்த மீன், இறால் வகைகள். இரவில் ஆடம்பரம் வேண்டுவோருக்கு இந்த ஊர் சற்று எளிமையாகத் தோன்றும். நம் பார்வையில் அது குறையல்ல. எட்டாவது நண்பனும் வந்திருப்பான்.

வெயிலும் சூதாட்டமும்

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல். பீனிக்ஸ் விமான நிலையத்தில் இறங்கினால் அரைமணி நேரத்தில் ஊர். உணவகங்களும் மதுக்கூடங்களும் பழைய நகர்ப்பகுதியில் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதால் இரவில் நடந்தே போய்வரலாம். ஒரு கூட்டமே குடித்திருக்கும்போது யாரும் வண்டி ஓட்ட வேண்டியதில்லை என்பது சின்ன வசதி அல்ல. ஜனவரி முதல் ஏப்ரல் வரை விலை உச்சாணிக் கொம்பில். பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே நடக்கும் பீனிக்ஸ் ஓபன் போட்டி வாரத்தில் அறை தேடுவது வீண்வேலை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது கட்டணம் சரிந்துவிடும். விடிந்ததும் தொடங்கிப் பத்து, பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு நீச்சல் குளத்தில் இறங்கிவிடுவதாக இருந்தால் அந்த மலிவு நிஜமான மலிவுதான்.

ஒரு நுணுக்கம் உண்டு. பாலைவன மைதானங்களில் கோடைப்புல் ஒன்று, குளிர்காலப்புல் ஒன்று. செப்டம்பர், அக்டோபரில் புதுப்புல் விதைக்க ஒவ்வொரு மைதானமும் சில வாரம் மூடும். மற்ற ஊர்களிலும் வருடத்தில் ஓரிரு முறை புல்தரையில் காற்றுப் புகுவதற்காகத் துளையிட்டு மணல் தூவுவார்கள். அந்த நாட்களில் பந்து சரியாக உருளாது. விவரமறிந்த மைதானக்காரர் விலையைக் குறைப்பார். சிலர் சொல்லாமலே முழு விலை வாங்குவதும் உண்டு. 'எந்தத் தேதியில் துளையிடுகிறீர்கள்?' என்று முன்பதிவின்போதே கேட்பவனிடம் விற்பவர் எச்சரிக்கையாகப் பேசுவார். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் நாம் எப்படிப் பேசுவோம்?

லாஸ் வேகஸ் பற்றியும் கேட்பார்கள். விமானம் சுலபம், அறைகள் ஏராளம், வாரநாளில் மலிவும்கூட. ஆனால் அங்கே அறை என்பது கண்ணில் காட்டும் சரக்கு; வியாபாரம் சூதாட்ட மேசையில். கோல்ஃபுக்கு வந்தவன் முதல் இரவே பணத்தை மேசையில் விட்டுவிட்டால், மறுநாள் காலை மைதானத்துக்கு யார் வருவார்? அறை வாடகைக்கு மேல் தினம் ஒரு 'ரிசார்ட் கட்டணம்' தனியே சேரும். சொன்ன விலை ஒன்று, ரசீது விலை வேறு என்ற இந்தப் பழக்கத்தின் மீது புகார்கள் குவிந்து, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் ஒழியவில்லை, மறைப்புத்தான் ஒழிந்தது. அங்கே ஷேடோ கிரீக் என்னும் மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்கே 1,000 டாலருக்கு மேல். நம் எட்டுப் பேருக்கு அது சொப்பனம்.

வியாபாரிகள் கட்டிய இரண்டு ஊர்கள்

வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் அமெரிக்கக் கோல்ஃபின் புண்ணியத்தலம் போல. அதை 1895-இல் நிறுவிய ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் என்பவர் பாஸ்டனில் சோடா ஃபவுண்டன் இயந்திரங்கள் செய்து விற்றுப் பணம் சேர்த்தவர். மரம் வெட்டித் தீர்ந்த மணல் பூமியை வாங்கி, உடல்நலம் தேறுவோருக்கான ஊராகத்தான் தொடங்கினார். கோல்ஃப் பின்னால் வந்தது. டொனால்ட் ராஸ் வடிவமைத்த இரண்டாம் எண் மைதானம் 1907-இல் முழுமைபெற்றது, யு.எஸ். ஓபன் போட்டி அங்கே 1999, 2005, 2014, 2024 ஆண்டுகளில் நடந்தது. அங்கே ஆடச் செலவு அதிகம். ஆனால் 'தி கிரேடில்' என்று 2017-இல் திறந்த ஒன்பது குழிக் குட்டி மைதானம் ஒன்று உண்டு. தூரம் குறைவு, இரண்டு மூன்று மட்டைகள் போதும், புதியவனும் பழகியவனும் சேர்ந்து ஆடலாம். கலவையான கூட்டத்துக்கு அந்த ஒரு மாலைப்பொழுது போதுமானது.

ஓரிகான் மாநிலத்தின் பசிபிக் கரையில் உள்ள பேண்டன் டியூன்ஸை 1999-இல் திறந்த மைக் கெய்சரும் நம் இனம்தான். மறுசுழற்சிக் காகிதத்தில் வாழ்த்து அட்டை அச்சிட்டு விற்றுச் செல்வம் சேர்த்தவர். வண்டி கிடையாது, எல்லோரும் நடக்க வேண்டும். பையைத் தூக்கி வழிகாட்டும் ஆளுக்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு என்பதால் அன்பர்கள் பதற வேண்டாம். அவருக்குக் கூலி தனி, பெரும்பாலும் ரொக்கம். போய்ச் சேர்வதே ஒரு நாள் வேலை. மழையும் காற்றும் உண்டு, இரவுக் கொண்டாட்டம் இல்லை, அறை வேண்டுமானால் ஒரு வருடத்துக்கு மேல் முன்னதாகக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை கோல்ஃப் பைத்தியமாக இருந்து, உடன்வரும் மூவரும் அப்படியே என்றால் இதற்கு ஈடு இல்லை. எட்டில் மூவர் முதன்முறை மட்டை பிடிப்பவர்கள் என்றால் இரண்டாம் நாளே கால் வீங்கி முகமும் வீங்கும்.

அலபாமாவின் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் டிரெயில் யாரும் எளிதில் நினைக்காத ஊர்வரிசை. ஆசிரியர், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியை நிர்வகித்த டேவிட் பிரானர், வெளியூர்ப் பணம் மாநிலத்துக்குள் வர வேண்டும் என்று மைதானங்கள் கட்ட வைத்தார். 1992-இல் தொடங்கி, இன்று 11 இடங்களில் 468 குழிகள். தரம் பார்த்தால் கட்டணம் நியாயம். தென்கிழக்கு மாநிலங்களில் இருப்பவர்கள் காரிலேயே போய்விடலாம். எட்டு விமானச் சீட்டு மிச்சம்.

பணம் கட்டுமுன்

ஊர் முடிவானபின் சில்லறை விஷயங்கள்தான் பையை ஓட்டையாக்கும். கோல்ஃப் பைக்கு விமானக் கட்டணம் எவ்வளவு, வாடகை மட்டை எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். பல மைதானங்கள் வெளியிலிருந்து மது கொண்டுவர அனுமதிப்பதில்லை. மது விற்கும் உரிமம் அவர்கள் பெயரில் இருக்கிறது, சுற்றிவரும் பானவண்டி அவர்களுக்கு நல்ல வருமானம். வண்டியைக் குட்டையில் இறக்கினால் பழுதுச் செலவு கையெழுத்திட்டவன் தலையில். காலர் வைத்த சட்டை கட்டாயம் என்ற விதி பல இடங்களில் உண்டு. ஆடத் தெரியாதவர்கள் கலந்திருந்தால் 'ஸ்கிராம்பிள்' முறை நல்லது: நால்வரும் அடிப்பார்கள், சிறப்பாக விழுந்த பந்திலிருந்து நால்வரும் தொடர்வார்கள். யார் திறமை குறைவு என்பது கணக்கில் வராது.

முன்பணத்தைத் தோழன் தன் கடன் அட்டையில் கட்டிவிட்டுப் பிறகு வசூலிக்கலாம் என்று நினைத்தால் அது நாம் எல்லோரும் பார்த்த பழைய கதை. பங்கு வந்து சேர்ந்தபிறகே பதிவு. எந்தத் தேதிவரை விலகினால் பணம் திரும்பும் என்பதை விடுதியிடம் கேட்டு, அதற்கு ஒரு வாரம் முந்திய தேதியை நண்பர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் விலகுபவனின் பங்கு பொதுக்கணக்கில் நிற்கும். ஏழு பேரானால் நான்கும் மூன்றுமாக ஆடலாம். வண்டி அதே நான்கு. அறையில் ஒரு கட்டில் காலியாகும். அதன் வாடகைக்கு அந்தப் பொதுக்கணக்குத் தொகை போதும்.